ஏழாம் நம்பர் மட்டை

என் அக்கா கஸ்தூரியம்மாளைக் கட்டிய ராக்கையாவுக்கு நம்பர் என்றால் உயிர். மார்க்கையன்கோட்டையில் பக்கத்து நிலக்காரரோடு நடந்த வரப்புத் தகராறில் சர்வே நம்பரைக் காட்டிக் கோர்ட்டில் ஜெயித்துவிட்டார். ஜெயித்தது வக்கீல். ஆனாலும் நம்பர் போட்ட எதுவும் பொய் சொல்லாது என்று அன்றே மச்சான் முடிவு கட்டிக்கொண்டார். வண்டி மாடுகளுக்கும் நம்பர் குத்தலாமா என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். வேண்டாம் மச்சான், மாடு வருத்தப்படும் என்றேன். யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்றார்.

இப்பேர்ப்பட்டவர் கைக்குக் கோல்ஃப் மட்டை வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் கம்பத்து ஏலக்காய் வியாபாரி சேக் பரீத். முப்பத்தைந்தாம் வருஷம், மலை எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது சாமான்களை ஏலம் விட்டார். பரீத் ஒரு அலமாரி எடுத்தார். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு தோல்பை மட்டைகளும் வந்தன. அலமாரியைத் தான் வைத்துக்கொண்டு பையை மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

முன்பெல்லாம் அந்த மட்டைகளுக்கு மாஷி, நிப்ளிக் என்று பெயர்கள்தான் இருந்தனவாம். அப்போதுதான் புதிதாக நம்பர் போட ஆரம்பித்திருந்தார்கள். நம்பர் கூடக் கூட இரும்பின் முகம் மல்லாந்து சாய்ந்திருக்கும். பந்து உயர எழும்பிக் கிட்டத்தில் விழும். நம்பர் குறைந்தால் முகம் நிமிர்ந்திருக்கும். பந்து தாழப் பறந்து தூரத்தில் விழும். அடிக்கத் தெரிந்தவனுக்கு இதெல்லாம் நடக்கும். மச்சான் அடித்தால் பெரும்பாலும் மண்தான் எழும்பும்.

அவர் தேர்ந்தெடுத்த மைதானம் என் அக்காவின் சீதன வயல். கோடையில் காய்ந்து கிடந்த நிலத்தில் நடு வரப்பை வெட்டிச் சமன் செய்தார். ஒரு கோடியில் குழி தோண்டி, அதைச் சுற்றிக் களம் மெழுகுவதுபோல் வட்டமாகச் சாணி போட்டு மெழுக வைத்தார். மெழுகியதும் என் அக்காதான். வெள்ளைக்காரன் அங்கே புல் வளர்ப்பானாம். நம் ஊருக்குச் சாணி போதும் என்று மச்சானே தீர்மானித்தார்.

பந்து போகவில்லை என்றதும் ஆராய்ச்சி தொடங்கியது. உத்தமபாளையத்திலிருந்து கோணமானி வாங்கிவந்து ஒவ்வொரு இரும்பின் சாய்வையும் அளந்தார். பையில் இரண்டு கம்பெனி மட்டைகள் கலந்திருந்தன. ஒருவன் ஆறு என்று குத்திய அதே சாய்வுக்கு இன்னொருவன் ஏழு என்று குத்தியிருந்தான். மச்சானுக்குச் சோறு இறங்கவில்லை.

“மாமா, மலையில தொரைமாரு ஆடுறத நான் பாத்திருக்கேன்” என்று பரீத் சொல்லிப் பார்த்தார். “எப்ப அடிச்சாலும் ஒண்ணுபோல அடிக்கிறவுகளுக்குத்தான் அந்த நம்பரு, சாய்வு எல்லாம். ஒங்களுக்கு மொதல்ல பந்து மட்டையில படட்டும்.”

“படாததுக்குக் காரணமே இந்த நம்பர்க் கொளறுபடிதான்யா” என்றார் மச்சான்.

இதற்கிடையில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஊரெல்லாம் தண்ணீர் கட்டிச் சேறாகத் தொழி உழுதுகொண்டிருந்தது. அக்கா நாற்றங்காலில் விட்ட நாற்று நடவுக்குத் தயாராகி, அந்தப் பருவமும் தாண்டிக்கொண்டிருந்தது. நாற்று முற்றினால் நட்டும் பயனில்லை, தூர் கட்டாது. வாய்க்காலில் எங்கள் முறை வந்துவிட்டது. அதை விட்டால் அடுத்த முறைக்குள் நாற்று மாட்டுக்குத்தான். மச்சானோ மடையில் மண்ணைக் கொட்டி அடைத்து வைத்திருந்தார். இந்தப் போகம் போனால் போகட்டும், ஆட்டம் பிடிபட்டுவிடும் என்றார். வருஷச் சோற்றை ஒரு மனிதர் எவ்வளவு சுலபமாகக் கைகழுவிவிட்டார்!

முறைத் தண்ணீர் வரும் காலையில் அக்கா ஏர்களை வரப்பில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். நடவு ஆட்களின் தலைவி மாயக்காள் பெண்களோடு நாற்றங்காலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள். பரீத்தும் வந்திருந்தார். மச்சான் மட்டைப் பையோடு வயலின் நடுவில் நின்றார்.

“ஏங்க, ஒண்ணு கேக்குறேன்” என்றாள் அக்கா. “ஒங்க நம்பரு பொய் சொல்லாதுங்கிறீகள்ல? இங்கனருந்து ஒரே ஒரு அடி அடிங்க. நான் மொழுகுன வட்டத்துக்குள்ள பந்து நின்னுருச்சுன்னா இந்தப் போகம் வயலு ஒங்களுக்கு. நிக்கலைன்னா மடையத் தொறந்துருவேன்.”

“இந்தத் தூரத்துக்கு ஏழாம் நம்பர்தான். கணக்குப் போட்டு வச்சிருக்கேன்” என்றார் மச்சான். அத்தனை பேர் முன்னால் சம்மதித்தார்.

“பந்து எங்க பக்கம் வருமா ஐயா? தள்ளி நின்னுக்கிறோம்” என்று மாயக்காள் குரல் கொடுத்தாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர்களை முறைத்தபடியே பைக்குள் கைவிட்டு ஒரு மட்டையை உருவினார், ஓங்கினார், அடித்தார்.

பந்து எழும்பவே இல்லை. இரும்பின் விளிம்பு அதன் மண்டையில் பட்டு, தரையோடு தரையாக உருண்டது. வெட்டிய வரப்பின் மிச்சத்தில் மோதியது, திசை மாறியது, ஒரு கட்டியில் ஏறி இறங்கியது, தள்ளாடிக்கொண்டே போய்ச் சாணி மெழுகிய வட்டத்துக்குள் நின்றது.

பெண்களின் சிரிப்பு நின்றுபோனது. என் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. நானும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் திரும்பிக்கொண்டேன்.

“நின்னுருச்சு மாமா” என்றார் பரீத். அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

ஒவ்வொரு அடிக்கும் பிறகு இரும்பைத் துண்டால் துடைத்துப் பார்ப்பது மச்சானின் பழக்கம். துடைத்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இது ஏழு இல்ல” என்றார். “மூணு.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்தது. இரும்பில் என்ன குத்தியிருக்கிறது என்று எட்டிப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது.

“எதா இருந்தா என்ன, பந்து நின்னுருச்சுல்ல?” என்றேன் நான், வெறுத்துப்போய்.

“அதெப்படிடா மாப்ளே? மூணாம் நம்பருல அடிச்சா அந்தப் புளியமரத்தத் தாண்டிப் போயிருக்கணும். இங்கன நிக்கக் கூடாது. நின்னா நம்பரு பொய்யின்னு ஆயிரும்ல? இது செல்லாது.”

அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். “செல்லாதா?”

“செல்லவே செல்லாது.”

“மாயக்கா, நீயும் கேட்டுக்கிட்டியா?”

“கேட்டேன் ஆத்தா. ஐயாவே சொல்லிட்டாக.”

“ஏலே ஒச்சாண்டி, மடையத் தொற” என்றாள் அக்கா என்னைப் பார்த்து.

நான் மண்வெட்டியோடு ஓடினேன். அந்த மனிதர் வாழ்நாளில் தனக்கு எதிராகச் சொன்ன ஒரே தீர்ப்பு அதுதான். அதையும் பெண்டாட்டிக்காகச் சொல்லவில்லை, நாற்றுக்காகச் சொல்லவில்லை. ஒரு துண்டு இரும்பின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார்.

“இருங்கடா, ஏழாம் நம்பருல அடிச்சுக் காட்டிர்றேன்” என்று அவர் பைக்குள் தேடும்போதே தண்ணீர் வந்து காலை நனைத்துவிட்டது. சாணி வட்டம் கரைந்தது. பந்து மிதந்து போனது. ஏர்கள் இறங்கின.

மறுநாள் நடவு. பெண்கள் குலவை போட, அக்கா சேற்றில் இறங்கி முதல் நாற்றை ஊன்றினாள். மச்சான் வரப்பில் குந்தி, மடியில் மட்டையை வைத்துக் கோணமானியால் மறுபடியும் அளந்துகொண்டிருந்தார்.

“ஏழ எடுத்திருந்தேன்னா நேத்து குழிக்குள்ளயே விழுந்திருக்கும்” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. “ஒங்க கைக்கு எந்த நம்பரும் தெரியாதது எங்க நல்ல காலம்” என்றாள்.