நாற்பதில் ஒன்று, ஐம்பத்தைந்தில் ஒன்று

நாற்பத்திரண்டு வயதில் தாயாகிறவளுக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை வர நாற்பதில் ஒரு வாய்ப்பு என்றார்கள் அக்கா இருக்கும் நாட்டில். இங்கே ஐம்பத்தைந்தில் ஒன்று என்றார் டாக்டர். கண்ணாடிப் பட்டறையில் குவளைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பழுது இருக்கிறதா என்று பார்க்கிறவளுக்கு இது பிடிபடவே இல்லை. தவம் கிடந்து தங்கிய முதல் கரு. கடல் தாண்டினால் கணக்கு மாறிவிடுமா என்ன?

விடை பட்டறையிலேயே கிடைத்தது. மதிய இடைவேளையில் அக்காவைக் கூப்பிட்டாள்.

"உலை வாசல்ல எண்ணினா பழுது அதிகம்க்கா. பெட்டி கட்டுற இடத்துல எண்ணினா கம்மி. பழுதானது வழியிலேயே நொறுங்கிடும்ல? உங்க ஊர்ல மூணாம் மாசத்துல எண்ணுறாங்க. இங்க பொறந்தப்புறம் எண்ணுறாங்க. நடுவுல தானா கலைஞ்சு போறதுதான் வித்தியாசம். ரெண்டும் சரி!"

குரல் துள்ளியது. அக்கா குறுக்கிட்டாள்.

"அப்ப நம்ம மேனேஜரு பழுதாடி?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேனேஜர் என்பது வீட்டில் தம்பிக்கு வைத்த பெயர். அம்மாவுக்கு இதே வயதில் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். அப்பாவின் பழைய டையைக் கட்டிக்கொண்டு, சாப்பிட உட்காருகிறவர்களின் கையை முகர்ந்து பார்ப்பான். சோப்பு வாசம் வந்தால்தான் தட்டு. அவள் வேண்டுமென்றே கழுவாமல் வருவாள். "நீ டிஸ்மிஸ்!" என்று கத்திவிட்டு, அந்தக் குட்டை விரல்களால் அவள் கையைப் பிடித்து அவனே குழாயடிக்கு இழுத்துப் போவான். தண்ணீர் தெளித்துச் சிரிப்பான். மாடி ஏறினால் உதடு நீலம் பாரித்தது. விளையாட்டுக் களைப்பு என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிறந்ததிலிருந்தே நெஞ்சில் ஓட்டை என்று தெரியவந்தபோது தைக்கிற காலம் கடந்திருந்தது. அவனைக் காப்பாற்ற முடியவில்லை.

"வாய் தவறிடுச்சுக்கா."

"டெஸ்ட் எடுக்கப் போறியாமே. வயித்துப் பிள்ளையையும் வெளிச்சத்துல தூக்கிப் பாக்கணுமாக்கும். தெரிஞ்சா என்ன பண்ணுவ?"

அக்கா எதற்குப் பயப்படுகிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

"கலைக்கறதுக்கு இல்லக்கா. அவன் நெஞ்சை யாரும் முன்னாடியே பாக்கலையே."

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி, சொல்லு. என்ன செய்யணும்?"

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பரிசோதனை எடுப்பது. பிள்ளை தம்பியைப் போல என்று வந்தால், வயிற்றில் இருக்கும்போதே அதன் இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்ப்பது. ஓட்டை இருந்தால், பச்சைக் குழந்தையின் நெஞ்சைத் தைக்கத் தெரிந்த டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரியில் போய்ப் பெற்றுக்கொள்வது.