கண்டல் இலைச் சாறு

செந்தில்முருகனின் வாய் இடப்பக்கம் கோணிப்போயிருந்தது. துறைமுக வாசலில் லாரி வரிசையில் நின்றபோது வலது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவியிருக்கிறது. பின்னால் நின்ற லாரியின் டிரைவர் காசிலிங்கம்தான் ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார். விஷயம் கேட்டு மனைவி இசக்கிச்செல்வி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள்.

"எத்தனை மணிக்கு?" என்றார் டாக்டர்.

"ஒன்பதே கால். டீயில சீனி இல்லன்னு அப்பதான் என்னைய வைதான்" என்றார் காசிலிங்கம்.

இப்போது பத்தரை. ஸ்கேனில் மூளையில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான். அதைக் கரைக்கும் ஊசியை நர்ஸ் தயார் செய்தாள்.

"ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மருந்து சாப்பிடுறாராம்மா?" என்று டாக்டர் இசக்கிச்செல்வியைக் கேட்டார்.

உப்பங்கழியில் வளரும் கண்டல் மரத்தின் இலைச் சாற்றிலிருந்து பக்கவாதத்துக்கு மருந்து தேடும் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குச் சாறு புகட்டுவது அவள் வேலை. குடித்த எலிகளுக்கு மூளைச்சேதம் பாதியாகக் குறைந்திருந்தது. புருஷனுக்குப் பிரஷர்; மாத்திரை என்றாலே எரிந்துவிழுவான். ஒரு மாதமாக மிச்சச் சாற்றைக் காப்பியில் ஊற்றிக் கொடுத்துவந்தாள்.

அந்த எலிகளின் வாலில் ரத்தம் எடுத்தால் லேசில் நிற்காது. அதை அவள் ஆய்வுக்கூட நோட்டில் எழுதவில்லை.

சொன்னால் வேலை போகும். இந்த ஊசியும் கிடைக்காமல் போகலாம். சொல்லாவிட்டால் மண்டைக்குள் ரத்தம் கொட்டலாம்.

நர்ஸ் அவன் கையைத் துடைத்தாள்.

"போடாதீங்க!" எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஏளா, கட்டுனவனுக்கு எலி மருந்தா கொடுத்த?" என்றார் காசிலிங்கம்.

டாக்டர் ஆய்வுக்கூடத் தலைவி ஜெயபிரியாவை போனில் பிடித்தார்.

"எங்க ரெக்கார்டுல அப்படி எதுவும் இல்லையே டாக்டர்."

டாக்டர் இவளைப் பார்த்தார்.

"வாலைப் பிடிச்சது நான். அவங்க இல்ல."

அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். "திருநெல்வேலிக்கு ஏத்துங்க. ரத்தக்குழாய்க்குள்ள கம்பி விட்டு அடைப்பை எடுக்கட்டும். போய்ச் சேருறதுக்குள்ள மூளை எவ்வளவு தாங்கும்னு சொல்ல முடியாது."

ஆம்புலன்ஸ் கிளம்பும்போது ஜெயபிரியா இவளையே போனில் கூப்பிட்டாள்.

"ஏன் எழுதல?"

"சாறு குடிச்சு முதல் எலி எந்திரிச்சு நடந்த அன்னைக்கு எல்லாருக்கும் லட்டு கொடுத்தீங்க மேடம். அதுக்கப்புறம் எப்படி எழுத?"

"எத்தனை எலிக்கு ரத்தம் நிக்கல?"

இசக்கிச்செல்வி செந்தில்முருகனின் வலது கையை அமுக்கிப் பார்த்தாள். அது திருப்பி அமுக்கவில்லை.

"குடிச்ச எல்லாத்துக்கும்."