சிவப்பு நூல் போட்ட நாற்பத்திரண்டு சட்டைகள்

பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருந்தது. கடற்கரைக் குருநகரிலிருந்து தையல் மெசினோடு வந்திறங்கிய யசிந்தா, சண்டிலிப்பாய்ப் பக்கத்து அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக் கொட்டிலில் பத்து நாளாகத் தைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு பெண்பிள்ளைகளுக்கு நாற்பத்திரண்டு வெள்ளைச் சட்டைகள். கடைசிச் சட்டைக்குக் கை பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் நமசிவாயம் வந்தார்.

அவர் வயலும் தோட்டமுமாக அந்த ஊரின் பெரிய கமக்காரர். பள்ளிக்கூடம் நின்ற காணியைக் கொடுத்தவர் அவருடைய தகப்பனார். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து, வாங்குப் பலகையில் அடுக்கியிருந்த சட்டைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் எழுதிய கடதாசித் துண்டு குத்தியிருந்தது.

"பெரிய ரீச்சர் எங்கை?"

"தாய்க்குச் சுகமில்லையெண்டு பட்டினத்துக்குப் போனவ, ஐயா. திங்கட்கிழமை விடியத்தான் வருவா."

தலைமை ஆசிரியை றோஸ் ஊரில் இல்லையென்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆச்சரியப்படவில்லை. மேசையில் கிடந்த பெயர்ப் பட்டியலை எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் ஏழு பெயர்களுக்குக் கீழே கோடு போட்டார்.

அந்த ஏழும் பனையேறுகிறவர்களுடைய பிள்ளைகளின் பெயர்கள். போன வருடம்வரை அவர்கள் நிலத்தில் சாக்கு விரித்துத்தான் இருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளையும் வாங்கில் இருத்த வேண்டுமென்று அரசாங்கக் கட்டளை வந்தபிறகு ஊரில் ஒரே புகைச்சல். அதற்குள் றோஸ் இந்த வெள்ளைச் சட்டை விஷயத்தையும் தொடங்கியிருந்தாள். வசதியில்லாத பிள்ளைக்குத் துணியும் பள்ளிக்கூடமே கொடுத்தது.

"எல்லாம் ஒரே சட்டையோடை வந்து ஒரே வாங்கிலை இருந்தால் ஆர் ஆரெண்டு என்னெண்டு தெரியும்?" என்றார் நமசிவாயம். மடியிலிருந்து ஒரு சிவப்பு நூல்கட்டையை எடுத்து மெசினுக்குப் பக்கத்தில் வைத்தார். "இந்த ஏழுக்கும் கழுத்துப் பட்டியிலை ஒரு வரி ஓடிவிடும். பெரிய வேலையில்லை. ஒரு நூல்தானே."

"ரீச்சரைக் கேக்காமல்..."

"ரீச்சர் பிறத்தி, வெளியூர் ஆள். காணி எங்கடை." மெசினின் கைப்பிடியை ஒருமுறை மெல்லச் சுற்றிப் பார்த்தார். "உது உம்மடை சீதனமோ பிள்ளை?"

"ஓம் ஐயா."

"நல்ல சாமான். கிடுகுக் கொட்டிலுக்கை வைச்சிருக்கிறீர். அங்காலை ஊரிலை போன கிழமை ஒரு பள்ளிக்கூடம் எரிஞ்சது கேள்விப்பட்டிருப்பீர். கவனம். நாளைக்குப் பொழுதுபட வந்து பாக்கிறன்."

அவர் போனபிறகு யசிந்தா வெகுநேரம் மெசினைத் தொடவில்லை. புருஷன் இன்னாசித்தம்பி கடலுக்குப் போனால் மூன்று நாள், நாலு நாள் வரமாட்டான். வராத நாட்களில் அடுப்பு எரிந்தது இந்த மெசினால்தான். ஊருக்குள் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. றோஸுக்கு ஆள் அனுப்பலாமென்றாலும் யாரை அனுப்புவது? பின்னேரம் நாலு மணிபோல் சிவப்பு நூலைக் கோத்து, கோடிட்ட ஏழு சட்டைகளுக்கும் வரி ஓடினாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. எவ்வளவு சுலபமாக முடிந்தது என்பதே அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

சனிக்கிழமை காலை தூறலுக்குள் சின்னி என்பவள், கோடிட்ட ஏழில் ஒருத்தியான தன் மகள் செல்லியைக் கூட்டிக்கொண்டு அளவு பார்க்க வந்தாள். சின்னி உள்ளே வரவில்லை; மார்புக்கு மேலே சீலையைக் கட்டிய குறுக்குக்கட்டோடு தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றாள். எட்டு வயதுச் செல்லி ஈரத் தலையும் இடுப்பில் ஒரு துண்டுமாக ஓடிவந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். யசிந்தா சட்டையைப் போட்டுவிட்டாள். அளவு சரி. பிள்ளை குனிந்து தன்னையே பார்த்துப் பார்த்துச் சிரித்தது. உடம்பு மூட ஒரு முழுச் சட்டை அதற்கு அதுதான் முதல்.

சின்னி சிரிக்கவில்லை. மகளின் கழுத்தையும், வாங்கில் கிடந்த மற்றச் சட்டைகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அம்மா, உந்தச் சிவப்பு ஏன்?"

"அது... அளவு தெரியிறதுக்கு."

"அவையின்ரை பிள்ளையளுக்கு அளவு இல்லையோ?"

சின்னி மகளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, கைகளைத் தூக்கச் சொல்லி, சட்டையைக் கழற்றினாள். கழற்றியதை நாலாக மடித்து வாசற்படியில் வைத்தாள்.

"இவள் தன்ரை துண்டோடையே வரட்டும். துண்டு எண்டால் இல்லாத குறை. உது மாட்டுக்குச் சுடுற குறி. அதை நாங்களே வாங்கிப் பிள்ளைக்குப் போட்டு அனுப்புறதோ?"

"என்னைக் கோவிக்காதை. அவர் வந்து வெருட்டினவர்."

"தெரியும் அம்மா. எங்களையும் அவர்தான் வெருட்டுறவர்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அழத் தொடங்கிய பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தூறலுக்குள் இறங்கிப் போனாள்.

யசிந்தா சட்டையை எடுத்துத் தையலைப் பிரித்தாள். நூல் வந்துவிட்டது. ஆனால் செல்லியின் ஈரத்தலை பட்ட இடமெல்லாம் சாயம் இறங்கி, கழுத்துப் பட்டி முழுக்க ரோசாநிறமாகக் கிடந்தது. சவர்க்காரம் போட்டுக் கசக்கினாள், இன்னும் பரவியது. வேறு துணி இல்லை. வெட்டிய துண்டுகளில் ஒரு பட்டிக்குக்கூடக் காணாது. நேற்று மூன்று நிமிடத்தில் செய்ததை இனி ஒரு விதத்திலும் இல்லாமற்செய்ய முடியாது என்று தெரிந்தது.

முதலில் அழுதாள். பிறகு எழுந்து கதவைச் சாத்தினாள். பிரித்த சட்டைக்குத் திரும்பவும் சிவப்பு வரி ஓடினாள். அதை வைத்துவிட்டு, கோடிடாத பெயர்களில் முதலாவதை எடுத்தாள். அது செல்வநாயகி, நமசிவாயத்தின் பேத்தி. அதற்கும் ஓடினாள்.

முப்பத்தைந்து சட்டைகள். மத்தியானம் சாப்பிடவில்லை. வலது கை மரத்துப்போனபோது இடது கையால் கைப்பிடியைச் சுற்றினாள். வெளியே காலடி கேட்கும்போதெல்லாம் மெசினை நிறுத்தி மூச்சைப் பிடித்தாள். நூல்கட்டை மெலிந்துகொண்டே வந்தது. கடைசி மூன்றுக்கும் மேல்நூல் மட்டும்தான் சிவப்பு, கீழே வெள்ளை. முடித்து, முப்பத்தைந்தையும் கழுத்து உட்பக்கம் வர மடித்து, ஸ்திரிக்கைப்பெட்டியால் தேய்த்து, ஒரு படுக்கைச் சீலையில் இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட்டபோது படலை திறந்த சத்தம் கேட்டது.

நமசிவாயம் தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்தார். வாங்கில் தனியாக வைத்திருந்த ஏழையும் தூக்காமலே குனிந்து பார்த்தார்.

"ம். நல்லாயிருக்கு." பிறகு மூட்டையைக் காட்டினார். "அதை அவிழும் பாப்பம்."

யசிந்தா அவருடைய கைகளைப் பார்த்தாள். புகையிலைக் கன்றுகளுக்குள் நின்றுவிட்டு வந்த கை. விரல் இடுக்கெல்லாம் ஈரச் செம்பாட்டு மண்.

"அவிழ்க்கலாம் ஐயா. ஸ்திரி போட்ட வெள்ளை. உங்கடை கையிலை மண்ணாக் கிடக்கு. கழுவத் தண்ணி கொண்டுவரட்டோ?"

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். வெளியே மழை பலத்துக்கொண்டிருந்தது.

"எங்கடை பிள்ளையளின்ரை சட்டை. ஊத்தை பிரளப்படாது," என்றுவிட்டுக் குடையை எடுத்தார்.

அவர் படலையைத் தாண்டியதும் யசிந்தா நிலத்தில் இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செபமாலையும் கையுமாகக் கொட்டிலைவிட்டு அசையவில்லை.

திங்கள் விடிய றோஸ் வந்தாள். யசிந்தா ஒன்றையும் ஒளிக்காமல், முதல்நாள் தான் பயந்து தைத்ததையும் சேர்த்துச் சொன்னாள். றோஸ் ஒரு சட்டையை எடுத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நான் நிண்டிருந்தால் ஒருத்தருக்கும் வரி வேண்டாமெண்டு சண்டை பிடிச்சிருப்பன்."

"நான் சண்டைக்காரியில்லை அக்கா."

"ம்," என்றாள் றோஸ். "போய்ச் சின்னியைக் கூட்டிக்கொண்டு வா. அவளுக்கு மூட்டையை அவிழ்த்துக் காட்டு."

ஒன்பது மணிக்கு நமசிவாயமும் நாலைந்து தகப்பன்மாரும் வந்தபோது, பள்ளிக்கூடத்திலேயே சட்டை மாற்றிய பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். நாற்பத்திரண்டு வெள்ளைச் சட்டை, நாற்பத்திரண்டு சிவப்பு வரி. உயரப்படி நிறுத்தியதால் செல்வநாயகிக்குப் பக்கத்தில் செல்லி நின்றாள். நமசிவாயம் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புவரை நடந்தார். திரும்பி வந்தார். முகம் கறுத்துப்போயிற்று.

"நான் உமக்கு என்ன சொன்னனான்?"

"சிவப்பு வரி போடச் சொன்னனீங்கள் ஐயா. போட்டிருக்கு." யசிந்தா வரிசையைக் காட்டினாள்.

"ஏழுக்கு!"

"நல்ல யோசினை ஐயா," என்று றோஸ் நடுவில் வந்தாள். "வடிவாயிருக்கு. எல்லாருக்கும் போட்டிட்டம்."

பின்னால் நின்ற ஒரு தகப்பன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். நமசிவாயம் பேத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பத்தொன்பது பிள்ளைகள் போய்விட்டார்கள். மிஞ்சிய இருபத்துமூன்று பேரும் உள்ளே போய் வாங்குகளில் இருந்தார்கள்.

பயந்ததுபோல் கொட்டில் எரியவில்லை. மழையோ, பேத்தியின் பள்ளிக்கூடம் என்ற நினைப்போ, எதனால் என்று யசிந்தாவுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் மறுநாள் அவளை ஏற்றிப்போக வரவேண்டிய வண்டில் வரவில்லை. கேட்ட இடமெல்லாம் மாட்டுக்குச் சுகமில்லை என்றார்கள். மெசினைத் தூக்க ஓர் ஆளும் அகப்படவில்லை.

பத்து மணிபோல் சின்னி வந்தாள். ஒன்றும் கேட்காமல் சும்மாடு வைத்து, "தூக்கிவிடுங்கோ அம்மா," என்றாள்.

சுன்னாகம் றெயில் ஸ்டேசன் மூன்று மைலுக்கு மேல். வழி நமசிவாயத்தின் படலையைத் தாண்டித்தான். அவர் படலையில் நின்றார்.

"எடி சின்னி! இறக்கடி உதை!"

சின்னி நின்றாள். கழுத்தை அசைக்க முடியாததால் அவரைப் பார்க்காமல் றோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "பாரம் நயினார். இறக்கினால் திரும்ப ஏத்தேலாது."

பிறகு நடந்தாள். பின்னால் ஒரு கல் வந்து விழும் என்று ஒவ்வொரு அடிக்கும் எதிர்பார்த்தபடி யசிந்தா அவளுக்குப் பக்கத்தில் நடந்தாள். கல் வரவில்லை. அரை மைல் போனபிறகுதான் சின்னியின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுவதைக் கண்டாள். பாரத்தாலோ பயத்தாலோ என்று கேட்கவில்லை. சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

தைப்பொங்கல் கழிந்து றோஸிடமிருந்து கடிதம் வந்தது. போன பத்தொன்பதில் பதின்மூன்று திரும்பிவிட்டது. செல்வநாயகி நாலு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்துக் கிடந்து வந்துசேர்ந்தாள். ஆறு பிள்ளைகள் வேறு பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். முதல் தோய்ப்பிலேயே எல்லாருடைய கழுத்தும் ரோசாநிறமாகி, தாய்மார் தையற்காரியைத் திட்டுகிறார்கள். வருகிற மார்கழியிலும் வரமுடியுமா?

இன்னாசித்தம்பி கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டு மனைவியைப் பார்த்தான். "திரும்பவும் அங்கை போறதே?"

"போவன்," என்றாள் யசிந்தா. "நூல் இஞ்சையிருந்து கொண்டுபோவன்."