ஏழரை மணிக் கோடும் பிரஷாந்தி ரீச்சரின் சைலன்சரும்

1

இந்தக் கதை எனக்குக் காது வழியாக வந்தது. பனிச்சங்கேணிப் பக்கத்தில் ஒரு பாடசாலை. (பெயர் சொல்லமாட்டேன். கல்வி வலயத்தில் கதை வாசிக்கிறவர்கள் இல்லாவிட்டாலும் பெயர் வாசிக்கிறவர்கள் உண்டு.) ஒரு காலை, பாலத்துப் பக்கமிருந்து சீனவெடிக் கட்டைக் கொளுத்தியதுபோல ஒரு சத்தம் கேட்டது. பிள்ளைகள் 'ரேஸ் பைக்' என்று கத்திக்கொண்டு மதிலுக்கு ஓடினார்கள். வந்தது கணித ஆசிரியை பிரஷாந்தியின் மொபெட்.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"வாவியின்மேல் பொழுது புலர்ந்து" – வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதைகளில் வாவியின்மேல் புலர்ந்து புலர்ந்தே பொழுதுக்கு அலுத்துவிட்டது.

"ஒரு பெண்ணின் விடுதலை சைலன்சரில்" – இதை ரீச்சர் வாசித்தால் சிரிப்பார்.

"காலை ஏழரைக்கு அதிபர்" – இது சரி. வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது.

2

காலை ஏழரைக்கு அதிபர் வரவுப் புத்தகத்தில் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு கீறுவார். பிந்தி வருகிறவர் அதற்குக் கீழேதான் கையெழுத்து வைக்க வேண்டும்.

பிரஷாந்தி அமிர்தகழியிலிருந்து வருகிறவர். மகளைப் பார்த்துக்கொள்ளும் மாமி ஆறே காலுக்குத்தான் வருவார். அதற்கு முன் வெளிக்கிட முடியாது. நித்திரையில் கிடக்கும் மகளைக் கொஞ்சிவிட்டு எவ்வளவு முறுக்கினாலும் மொபெட் அவரை ஏழு முப்பத்து நான்குக்குத்தான் கொண்டுவந்து சேர்க்கும். ஐந்து வருடம் இப்படியே போனது. ஒரு நாளாவது மகளை எழுப்பி, தலை இழுத்துப் பின்னி, கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஊரோடு இடமாற்றம் கேட்டுப் படிவம் கொடுத்தார். அதற்கு அதிபரின் பரிந்துரை வேண்டும். அதிபரோ கூட்டத்தில் அறிவித்தார்: "இந்தத் தவணையில் இன்னொரு தடவை கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பரிந்துரை இல்லை."

இந்த அதிபரை நல்ல மனிதராக எழுத மிகவும் பாடுபட்டேன். முதல் வரைவில் அவருக்குப் புன்னகை கொடுத்தேன். இரண்டாம் வரைவில் இரத்த அழுத்தம் கொடுத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. மறைத்து என்ன பயன், அந்த அதிபர் நான்தான்.

3

பாடசாலை விட்டுப் போகும் வழியில், ஓட்டமாவடியில் இருக்கிறது றுஸ்தியின் கராஜ்.

"தம்பி, இந்த மொபெட் காலையில பத்து நிமிசம் முந்திப் போகணும். என்ன செய்யலாம்?" என்றார் பிரஷாந்தி.

"சத்தம் கூடும், பரவால்லியா ரீச்சர்?"

"சத்தத்துக்கு ஆரும் கோடு கீற மாட்டாங்க தம்பி."

றுஸ்தி பழைய சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளவென்று புதியது ஒன்றை மாட்டினான். மொபெட் பறந்தது.*

(* பறக்கவில்லை. இந்த இடத்தைச் சரிபார்க்க றுஸ்தியிடம் தாளைக் கொண்டுபோனேன். எண்ணெய்க் கையால் வாங்கி வாசித்தான். "சேர், இப்படி எழுதினா கராஜ்காரனுகள் சிரிப்பானுகள். புகை லேசா வெளிய போனா உள்ள காத்துக் கூடும். அதுக்குத் தக்கன பெற்றோல் போகாட்டி இஞ்சின் சூடேறி நிண்டுரும். காபரேட்டர்ல பெற்றோல் போற ஜெட்டப் பெருசாப் போட்டாத்தான் சரி." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "கோடு கீறுற சேர் நீங்கதானா?")

திருத்தி எழுதுகிறேன். மொபெட் சத்தம் போட்டதே தவிர ஓடவில்லை. றுஸ்தி காபரேட்டரில் ஜெட்டை மாற்றினான். "சந்தி வரைக்கும் முழுசா முறுக்கிப் போய், இஞ்சின நிப்பாட்டிட்டு உருட்டிட்டு வாங்க, பிளக்குட நிறம் பாக்கணும்" என்றான். சாரியை இடுப்பில் செருகிக்கொண்டு பிரஷாந்தி முறுக்கினார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெள்ளை, பெற்றோல் காணாது. அதைவிடப் பெரிய ஜெட். இப்போது கரிக்கறுப்பு, பெற்றோல் கூடிவிட்டது. மூன்றாம் தரம் வியர்த்து விறுவிறுத்து உருட்டிக்கொண்டு வந்தபோது, பிளக் நல்ல சாயத் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

"இதான் கணக்கு ரீச்சர்," என்றான் றுஸ்தி. ஐந்து வருடத்தில் முதன்முறையாக ஒரு கணக்கு தன் பக்கம் சரிவந்ததுபோல அவருக்குச் சந்தோசமாக இருந்தது.

4

மறுநாள் ஏழு இருபத்தாறு. கோடில்லாத வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் கையெழுத்து.

பிள்ளைகளுக்கும் வசதி. பாலத்தில் சத்தம் கேட்டதும் பந்தை ஒளித்துவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். வகுப்பில் ஒழுக்கம் மேம்பட்டிருப்பதாக அதிபர் வலயத்துக்கு அறிக்கை அனுப்பினார். சைலன்சரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் எனக்கு ஒரு தொல்லை வந்தது. முன்பு கோடு கீறும்போது ரீச்சர் எங்கே வருகிறார் என்று தெரியாது. தெரியாமல் கீறுவது சுகம்.

5

இரண்டு கிழமை கழித்து மாங்கேணியில் போக்குவரத்துப் பொலிஸ் மறித்தது. சைலன்சர் சத்தம் பற்றி ஐந்து நிமிட உபதேசம். அந்த ஐந்து நிமிடமும் பிரஷாந்தி மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏழரை. அடிமட்டத்தை வைத்துவிட்டேன். பாலத்தில் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் பொறுத்தால் போதும்.

[இங்கே "பேனாவில் மை தீர்ந்தது" என்று எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன்.]

கீறினேன். கேட்டுக்கொண்டே கீறினேன்.

ஒழுக்கம் என்று சொல்லலாம். உண்மை வேறு. பிரஷாந்தி போனால் கணிதத்துக்கு ஆள் வராது. அவருக்கு முன் மூன்று வருடம் உடற்கல்வி ஆசிரியர்தான் கணிதம் பார்த்தார். பிள்ளைகள் நன்றாக ஓடினார்கள். போன வருடம் பதினொரு பிள்ளைகள் கணிதத்தில் சித்தியடைந்தார்கள். அந்தப் பதினொரு பேரையும் காட்டித்தான் நான் வலயத்தில் நெஞ்சை நிமிர்த்துகிறேன்.

ரீச்சர் வந்தார். கோட்டைப் பார்த்தார். அதற்குக் கீழே கையெழுத்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது.

6

முடிவுகள்.

அ) அதிபர் மனம் திருந்திப் படிவத்தில் கையெழுத்து வைக்கிறார்.

ஆ) அதிபர் ஒருநாள் தானே அமிர்தகழியிலிருந்து மொபெட்டில் வந்து பார்த்து, இடுப்பு நொந்து, மனம் திருந்தி

இ) பிள்ளைகள் அழ, அதிபரும் அழ,

றுஸ்தி வாசித்துவிட்டுச் சொன்னான்: "மூண்டு முடிவுலயும் நல்லவர் நீங்கதான் சேர். ரீச்சர எங்க காணல்ல?"

அதனால் கதையை ரீச்சரிடமே கொடுத்தேன். ஓய்வு பாடவேளையில் வாசித்தார். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை திருத்தினார்.

"கதை நல்லா இரிக்கி சேர். மறுகா, அந்தப் படிவம் என்னாச்சு?"

வாய் தவறி வந்துவிட்டது: "கதைய முடிச்சிட்டுக் கையெழுத்து வைக்கிறன் ரீச்சர்."

"பொய் சொல்லமாட்டீங்கதானே சேர்? முடிங்க," என்றார்.

ஐந்து மாதமாகிறது. படிவம் மேசையில், இந்தத் தாள்களுக்கு அடியில் கிடக்கிறது. சஞ்சிகைக்காரர் முடிவு எங்கே என்று கேட்கிறார். இந்தக் காலத்துக் கதைக்கு முடிவு கூடாது, அது வாசகரின் சுதந்திரம் என்று இரண்டு பக்கத்தில் பதில் எழுதினேன். எனவே வாசகரே, சுதந்திரமாக இருங்கள். எந்த முடிவையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதை முடிந்துவிட்டது என்று மட்டும் ரீச்சரிடம் சொல்லிவிடாதீர்கள்.