ஹாலன்பெக் போட்ட கையெழுத்து

அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தை அமெரிக்கக் குடிமகன்தான் என்று அரசியல் சாசனம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டது. அது போதவில்லை என்று அதிபர், பெற்றோரின் விசாவையும் பார்ப்போம் என ஓர் ஆணை போட்டார். அந்த ஆணைக்கு அரசுப் பணம் ஒரு டாலர்கூடப் போகக் கூடாது என்று நான் வேலை பார்த்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கார்லீன் பெட்ராக்கிஸ் மசோதா கொண்டுவந்தார். நாங்களோ எதிர்க்கட்சி. மசோதாவை ஆதரித்து அதிபர் கட்சியில் ஒரு கையெழுத்தாவது வாங்கி வரச் சொல்லி, என்னோடு வேலை பார்த்த யெஸெனியாவை அனுப்பினார். பெற்றோரிடம் எந்தத் தாளும் இல்லாத காலத்தில், மெக்சிகோ எல்லையோர லரேடோவில் பிறந்தவள் அவள்.

அவள் போனது அதிபர் கட்சி உறுப்பினர் டுவைட் ஹாலன்பெக்கிடம். அவருடைய பாட்டனார், பெற்றோர் கப்பலை விட்டு இறங்கிய வாரமே பால்டிமோரில் பிறந்தவராம். அதைக் கண் கலங்கச் சொன்னார். மசோதா அருமை, மனசு முழுக்க அதோடுதான் இருக்கிறது, கைதான் வரவில்லை என்றார்.

மறுவாரம் அவர் தொகுதியில் புதுக் குடிமக்கள் உறுதிமொழி எடுக்கும் விழா. அழைக்காமலே யெஸெனியா போய் நின்றாள். இந்த மண் யாரிடமும் உன் அப்பன் யாரென்று கேட்காது என்று ஹாலன்பெக் முழங்கினார். டிவிக்காரர்கள் சுற்றி நிற்கும்போதே அவள் மசோதாவை நீட்டினாள்.

"சார், நீங்க இப்பச் சொன்னதுதான் இதுல இருக்கு. உங்க கையெழுத்துதான் இல்ல."

கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே போட்டார்.

அன்று மாலையே கட்சித் தலைமை அவரைக் கூப்பிட்டுப் 'பாராட்டியது'. காலையில் யெஸெனியாவுக்குப் போன் வந்தது.

"ஏம்மா, என் பேரைச் சத்தமில்லாம எடுத்துடலாமா?"

"சத்தத்தோடதான் சார் எடுக்கணும். சபையில எழுந்து நின்னு நீங்களே கேக்கணும். ஒருத்தர் மறுத்தாலும் நடக்காது."

மறுப்பது வழக்கமில்லை, அது சபை மரியாதை. ஆளில்லாத மதிய நேரமாகப் பார்த்து எழுந்தார். அவர் முணுமுணுத்தது அவருக்கே கேட்டிருக்காது. ஆட்சேபணை உண்டா என்று அவைத்தலைவர் பேச்சுக்குக் கேட்டார்.

பின்வரிசையில் பெட்ராக்கிஸ் எழுந்தார். "எனக்கு இருக்கு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மசோதா குழுவுக்குப் போய் அங்கேயே படுத்துக்கொண்டது. ஹாலன்பெக்கின் பெயரும் கூடவே படுத்தது. தேர்தலில், குடியேறி வந்தவர்கள் நிறைந்த துறைமுகப் பக்கம், கட்சியையே எதிர்த்துப் போட்ட கையெழுத்து என்றார். அதிபரின் ஆட்கள் நிறைந்த மலைப்பக்கம் போனால், ஏமாற்றி வாங்கிவிட்டார்கள் என்றார். இரண்டு பக்கமும் ஜெயித்தார். எங்களுக்கு வயிறு எரிந்தது.

புதுச் சபை கூடியதும் பழைய மசோதா காலாவதி. யெஸெனியா புது மசோதாவோடு முதலில் தட்டியது அவர் கதவைத்தான்.

"மறுபடியுமா?" என்றாராம்.