பச்சை பிளாஸ்க்

திருமணச் சடங்குகளை வடிவமைத்துத் தருவது என் தொழில். எங்களுக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று வரும் ஜோடிகளை வெவ்வேறு நாளில் உட்காரவைத்து, ஒரே பத்துக் கேள்விகளைக் கேட்பேன். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் மூச்சுவிட மாட்டேன். ஏழாவது கேள்விதான் அச்சாணி: "இவர்தான் என்று எப்போது முடிவுசெய்தீர்கள்?" அந்தப் பதிலில் கையால் தொடக்கூடிய ஒரு பொருள் கட்டாயம் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து, துணியால் மூடி மேடையில் வைப்பேன். துணி விலகும்போது மற்றவர் முகம் மலரும். ஆறு வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இந்த மணப்பெண் சொன்ன பொருள் ஒரு பச்சை பிளாஸ்க். அவள் அப்பா ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார். தினமும் அவள் கண்விழிக்கும்போது நாற்காலிக்கு அடியில் பிளாஸ்க் இருக்கும், உள்ளே சூடான டீ.

"யாரும் வராதீங்கன்னு எல்லாருக்கும் மெசேஜ் போட்டேன் மேடம். அவரு என் கண்ணுல படாம வச்சிட்டுப் போயிருக்காரு. எனக்குப் பிடிச்ச மாதிரியே சக்கரை போடாத டீ. இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்காட்டல, நானும் கேக்கல."

அதே பச்சைக்காக நாலு கடை ஏறி இறங்கினேன்.

மண்டபத்தில் எண்பது பேர். மாப்பிள்ளையின் சட்டைக் காலரில் மைக்கை நானே மாட்டிவிட்டு, அவர் தோளுக்குப் பின்னால் திரையோரம் நின்றேன். துணி விலகியது.

மாப்பிள்ளை பிளாஸ்கைப் பார்த்தார். "இது என்னது?"



"ஆஸ்பத்திரில ஒம்போது நாள் டீ," என்று மணப்பெண் சிரித்தாள்.

அவர் விழித்தார். நான் குனிந்து அவர் காதில் கிசுகிசுத்தேன்: "சும்மா தலையாட்டிடுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

அவர் ஆட்டவில்லை. "நான் வைக்கலம்மா. வராதன்னு சொன்ன, நான் வரவே இல்ல."

 இரண்டாவது வரிசையில் மணப்பெண்ணின் அண்ணி எழுந்தாள். இருவருக்கும் ஒன்றரை வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது எனக்குத் தெரியும். பத்தாவது கேள்வியில் வந்த விஷயம்.

"நான்தான் வச்சேன். நேரா குடுத்தா மூஞ்சிலயே ஊத்தியிருப்ப. அதான் நீ தூங்கறப்ப வச்சிட்டு ஓடுவேன், திருடி மாதிரி."

 மணப்பெண் மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப எதுக்கு நான் உன்னக் கட்டிக்கிறேன்?"

"தெரியலையே," என்றார் அவர், நிஜமாகவே தெரியாமல்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "மேடம், தலையாட்டச் சொன்னீங்க இல்ல?"

 பிறகுதான் அவர் காலரைப் பார்த்தேன். நானே மாட்டிய மைக், நானே போட்ட சுவிட்ச். என் கிசுகிசுப்பு எண்பது பேருக்கும் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறது.

"மைக் ஆன்ல இருந்தது உனக்குத் தெரியுமா?" என்று அவரிடம் கேட்டாள்.

"இல்ல."

"ஆட்டியிருந்தா எறங்கிப் போயிருப்பேன்."

பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.  அதை அண்ணியின் கையில் கொடுத்து, அவளையும் இழுத்துக்கொண்டு மேடைக்குத் திரும்பி, அவர் பக்கத்தில் நின்றாள்.

"மேடம், அந்த ஏழாவது கேள்விக்குப் பதில மாத்திக்கலாமா?"

 தலையை மட்டும் ஆட்டினேன்.