மலையனின் கம்பு

...எலியை வைத்து ஆரம்பிக்க முடியாது, அது மட்டும் நிச்சயம், மில்லுக்குள் எலி, நிலவறைக்குள் எலி, பாழுங்கிணற்றுக்குள் எலி, நாங்கள் ஆடுகிற இந்தக் கதை விளையாட்டில் முதல் கதை என்றாலே எல்லோரும் எலியைத்தான் அடிக்கிறார்கள், எட்டு வருஷம் ஆடிய மனுஷனை, ரிட்டயர் ஆகப்போகிற கஜபதி அண்ணனை, மறுபடி உட்காரவைத்து எலி அடியுங்கள் என்றால் நன்றாகவா இருக்கும், கூட ஆடுகிற யூசுபும் காலையிலேயே வாய்ஸ் அனுப்பிவிட்டான், "அக்கா, இன்னா கதை வேணா போடு, எலி மட்டும் வாணாம், என் கடையிலயே ஏகப்பட்டது கீது" என்று, பூந்தமல்லியில் செல்போன் கடை வைத்திருப்பவன், சார்ஜர் ஒயரையெல்லாம் கடித்துப் போடுகிறதாம்... வரிசை ஓரடி நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். மாங்காட்டு அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் இப்படித்தான், கம்பித் தடுப்புக்குள் ஒரு முனை வரை போய், திரும்பி, வந்த பக்கமே நடந்து, மறுபடி திரும்பி, எனக்கு முன்னால் என் மாமியார் ஜெகதாம்பாள், கையில் எலுமிச்சம்பழம், ஆறு வார வேண்டுதலில் இது ஐந்தாவது வாரம், என்ன வேண்டுதல் என்று கேட்டால் சொல்லமாட்டார், சொன்னால் பலிக்காதாம், மேனாம்பேட்டிலிருந்து துணைக்கு வந்து போவது மட்டும்தான் என் வேலை.

"இன்னாம்மா ஷோபனா, உதடு தானா ஆடிக்கினு கீது, ஸ்லோகமா?" என்று திரும்பிக் கேட்டார், ஆமாம் அத்தை என்றேன், கோயிலில் நின்று பொய், ஆனால் உண்மையைச் சொன்னாலும் அவருக்குப் புரியப்போவதில்லை, ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன், நான் கதை சொல்வேன் அத்தை, இருட்டான வழி, இடதுபக்கம் ஒரு கதவு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பேன், என்னோடு ஆடுகிற மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கற்பனை வீரன் உண்டு, தன் ஆள் என்ன செய்கிறான் என்று அவரவர் சொல்வார்கள், அது பலிக்குமா இல்லையா என்று டைஸ் உருட்டிப் பார்ப்போம், ஞாயிறுதோறும் அதுதான், என்றேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஜெயிச்சா இன்னா குடுப்பாங்க?" என்றார், ஒன்றும் கொடுக்கமாட்டார்கள், யாரும் ஜெயிக்கவும் மாட்டார்கள் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதோடு சரி. செத்தால் செத்ததுதான் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை, பழைய பாணி ஆட்டம், சலுகையே கிடையாது, ஆள் செத்துப்போனால் புது ஆளை எழுதிக்கொண்டு முதல் படியிலிருந்து ஏறவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மலையன் செத்துவிட்டான். கஜபதி அண்ணனுடைய ஆள், எட்டு வருஷ மலையன், கோடாலியும் நீளக் கம்புமாக எல்லோருக்கும் முன்னால் நடப்பவன், ஒரு கல் பெயர்ந்தது, குழி, டைஸ் உருண்டது, முடிந்தது. அண்ணன் "சரிம்மா" என்றார், மலையனின் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், எங்களுக்கு முறுக்கு எடுத்துக்கொடுத்தார், வீட்டு கேட் வரை வந்து அனுப்பினார், அதற்கப்புறம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வார்த்தை இல்லை. எழிலுக்குத்தான் முதலில் அழுகை வந்தது, ஆவடியில் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண், பல் பிடுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவள், ஒரு காகித ஆளுக்காக பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதாள், அவளும் யூசுபும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டார்கள், எங்க ஆளுங்களும் கொஞ்ச நாள் ஊர்லயே சும்மா கெடக்கட்டும், அண்ணன் மட்டும் தனியா முதல் படியில நிக்கவேணாம், மூணு பேருமே புதுசா ஆரம்பிக்கிறோம், நீங்க நல்ல கதையா பாருங்க அக்கா. யூசுப் தன் மந்திரவாதியை அந்த உயரத்துக்குக் கொண்டுவர எவ்வளவு பாடுபட்டான் என்று எனக்குத் தெரியும். ஆக நல்ல கதை வேண்டும், அண்ணனை நாளன்றைக்கு அந்த நாற்காலியில் உட்காரவைக்கிற கதை, அது சரியாக அமையாவிட்டால் அவர் வரமாட்டார், அவர் வராவிட்டால் ஆட்டமே இருக்காது, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

எழில் கேட்பது வண்டிக் கூட்டம், மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகளுக்குக் காவலாகப் போவது, சுங்கச்சாவடியில் கொள்ளைக்காரர்கள்... அது சரிவராது, அண்ணன் இந்த மாசக் கடைசியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வந்தவாசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறார், அப்புறம் வாராவாரம் அங்கேயிருந்து பஸ்ஸில் குலுங்கி வரப்போகிறவரை வந்ததும் வராததுமாக மாட்டுவண்டியில் ஏற்றுவதா, சென்னீர்குப்பம் டிராபிக்கைத் தாண்டி வந்தவருக்கு இன்னொரு சுங்கச்சாவடியா. வருவேன் என்று அவர்தான் சொன்னார், "ரிட்டயர் ஆனா இன்னா, ஞாயித்துக்கிழமை காலைல பஸ் ஏறினா வந்துடப்போறேன்" என்று, நாங்கள் கைதட்டினோம், இந்த ஞாயிறிலிருந்தே யூசுப் கடை மாடியில் ஆடலாம் என்று அப்போதே இடமும் பேசிவிட்டோம். அடுத்தது சிறை, கண்விழித்தால் கம்பிக்குப் பின்னால், கையில் ஒன்றுமில்லை, தப்பிக்கவேண்டும், விறுவிறுப்பான ஆரம்பம்தான், ஆனால் கையில் ஒன்றுமில்லை என்றால் கம்பும் இல்லை, கம்பு இல்லாமல் அண்ணன் என்ன செய்வார். பாக்கி ஏரிக்கதை, மழையில்லாத வருஷம், ஏரி வற்றுகிறது, நடுவில் யாரும் பார்த்திராத மண்டபம் தலைகாட்டுகிறது, ஊர்க்காரர்கள் போகப் பயப்படுகிறார்கள், சேற்றில் எங்கே உள்வாங்கும் என்று தெரியாது... இதுதான், இதில் அவர் கம்பால் அடிக்கு அடி தட்டித் தட்டிப் போகலாம், எனக்கு இப்போதே அவர் குரல் கேட்கிறது, தட்டிப் பாக்கறேன்மா, தட்டிப் பாக்கறேன்.

கம்பித் தடுப்பு முடிந்து கல் தரை வந்தது, யாரோ தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள், அத்தை நின்றார், கால் கட்டைவிரலை நீட்டித் தரையை இரண்டு தரம் தடவிப் பார்த்தார், அப்புறம்தான் பாதத்தை வைத்தார், அடுத்த கல்லுக்கும் அப்படியே, பின்னால் ஒருத்தி உச்சுக்கொட்டினாள், அத்தை கண்டுகொள்ளவில்லை, குளியலறையில் விழுந்து எழுந்ததிலிருந்து அவர் ஈரத்தில் இப்படித்தான், ஒருநாளும் மறக்கமாட்டார், பயந்த ஆள் மறக்கமாட்டார், கஜபதி அண்ணனும் அப்படித்தான், ஃபேக்டரியில் மெஷினைத் தொடுவதற்கு முன் தொட்ட சுவிட்சையே மறுபடி தொட்டுப் பார்த்துப் பழகியவர், எட்டு வருஷத்தில் தட்டாமல் ஒரு அடி வைத்ததில்லை, யூசுப் கொட்டாவி விட்டுக்காட்டுவான், "அண்ணாத்தே, இது சந்தை, இங்கயுமா தட்டுவ?" என்பான், சந்தையிலும் தட்டுவார்... போன ஞாயிறு தட்டினாரா? யோசித்தேன். நீளமான வழி, தரையில் சதுரக் கற்கள் என்றேன், நடக்கிறேன்மா என்றார். நடக்கறீங்களாண்ணா என்று கேட்டேன், பழக்கத்தில் அவர் தட்டுவதற்காகக் கொஞ்சம் காத்துக்கூட இருந்தேன், "நடக்கறேம்மா" என்றார் மறுபடி. அதற்கு முன்னால் வரைபடத்தை எழிலிடம் கொடுத்திருந்தார், கண்ணு வலிக்குது நீ வரை என்று, யாரையும் தொடவிடாத வரைபடம். விளக்கை யூசுபின் ஆளிடம் கொடுத்தார், கயிற்றையும்தான், "நீயே வெச்சிக்க, எனக்கு பாரமா கீது" என்றார், யூசுப்கூட கிண்டல் செய்தான், நானும் சிரித்தேன். அவர் வீட்டு ஹாலில் சுவரோரம் கட்டிவைத்த அட்டைப்பெட்டிகள் இருந்தன, பாத்திரம் ஒன்று, துணி ஒன்று என்று வெளியே எழுதி, எல்லாம் ஒழுங்காக.

அவர் தெரிந்தேதான் நடந்திருக்கிறார். வரமுடியாது என்று எங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, நாங்கள் கைதட்டியிருந்தோமே, அதனால் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டு அந்தக் கல்லின்மேல் காலை வைத்திருக்கிறார்... அப்படியா, இல்லை அன்றைக்கு உண்மையிலேயே மறந்துவிட்டாரா, பெட்டி கட்டிய அலுப்பில் யாருக்கும் மறக்கும், நான்தான் எதையோ எதனோடோ முடிச்சுப் போடுகிறேனா, அப்படியென்றால் குரூப்பில் ஏன் ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரு வாரமாக எந்தக் கதை, எந்தக் கதை என்று மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம், அண்ணா நீங்கள் வருகிறீர்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வர்றேம்மா என்றுதான் சொல்லியிருப்பார், அதுவும் எனக்குத் தெரியும்.

சன்னிதி வந்துவிட்டது, குருக்கள் அத்தையிடம் அர்ச்சனைத் தட்டை வாங்கினார், அத்தை வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் நட்சத்திரத்தோடு மளமளவென்று சொல்லிவிட்டு, "நீயும் யாருக்குனா சொல்லணும்னா சொல்லும்மா" என்று என்னைப் பார்த்தார், நான் கஜபதி என்றேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரு, அந்த ஞாயித்துக்கிழமை ஆளா என்பதுபோல அத்தை பார்த்தார். "நட்சத்திரம்?" என்றார் குருக்கள். மலையனுக்கு எத்தனை பலம், எத்தனை உயிர்ப்புள்ளி, பையில் எத்தனை தீப்பந்தம், எந்தத் தோளில் பழைய காயம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், எட்டு வருஷம் அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அவர் வீட்டு டீயைக் குடித்திருக்கிறேன், ஊருக்குப் போவது அவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. "நட்சத்திரம் என்னம்மா?" பின்னால் வரிசை நெருக்கியது. "தெரியாதுங்க" என்றேன்.